மூன்றாவது கரும்புள்ளி

எடைமேடை சந்திப்பின் மஞ்சள் கட்டத்துக்குள் போய்விட்டால் உங்கள் வண்டி உங்களுடையது இல்லை. ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கலாம், முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியது நீங்களாக இருக்கலாம். கட்டத்தைத் தாண்டும் வரை வண்டி கேமராவுடையது.

சந்திப்பின் நடுவே மஞ்சளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருப்பார்களே, அதற்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கம் இடம் இருந்தால் உள்ளே நுழை, நடுவில் நிற்காதே. நம் ஊரில் அதை எவன் மதித்தான்? நாலு பக்கத்திலிருந்தும் மூக்கை நுழைத்து, யாரும் எங்கேயும் போக முடியாமல், எதிராளியின் அம்மாவை விசாரித்துக்கொண்டு நின்றோம். அதனால் எல்லாக் கார், பஸ், லாரிக்கும் கடிவாளம் மாட்டினார்கள். கேமரா சொல்லும் வரை வண்டி கோட்டைத் தாண்டாது. சொன்னதும் தானாக நகர்ந்து, கட்டத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போய்த்தான் ஸ்டியரிங்கை நம் கையில் கொடுக்கும். கோட்டில் காத்திருக்கும்போது டிரைவரின் பெல்ட்டும் கழலாது, கதவும் திறக்காது. இறங்கிச் சண்டை போடுகிறோமாம்.

பிரேக்கை மட்டும் நமக்கு விட்டுவைத்தார்கள். ஆனால் கட்டத்துக்குள் அதை மிதித்தால் ஒரு கரும்புள்ளி. மூன்று சேர்ந்தால் லைசென்ஸ் காலி. டிரைவர் சீட்டுக்கு எதிரே ஒரு கண் இருக்கிறது. அது முகத்தைப் பார்க்கும். மூன்று புள்ளிக்காரர்களின் முகத்துக்கு இந்த ஊரில் எந்த வண்டியும் கிளம்பாது. செம்புள்ளியும் குத்திக் கழுதைமேல் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

என்னிடம் இரண்டு இருந்தன. முதலாவது ஆம்புலன்ஸுக்கு. சைரன் கேட்டதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது, பழக்கம். ஆம்புலன்ஸ் என் பின்னால் போய்விடும் என்று கேமரா கணக்குப் போட்டிருந்ததாம். இரண்டாவது ஒரு மாட்டுக்கு. மாடு எப்படியும் திரும்பிவிடும் என்று கேமராவுக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியவில்லை, ஏன், மாட்டுக்கே தெரிந்திருக்காது. அன்றிலிருந்து மஞ்சளைக் கண்டால் காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். என் பெயர் ஜெசிந்தா, வாடகைக் கார் ஓட்டித்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறேன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

அன்று ஆயுத பூஜை. நான் ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிறவள்தான், ஆனால் ஸ்டாண்டில் பையன்கள் என் காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வராது. மாலையில் தூறல் ஆரம்பித்தபோது அம்பத்தூர் பக்கம் ஓர் அலுவலக வாசலில் ஒருவர் ஏறினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பொரி கடலைப் பொட்டலம்.

"வீட்டுக்குங்களா சார்?"

"ஆமாம்மா. எடைமேடை வழியாவே போங்க, கட்டம் வந்தப்புறம் அங்க ஜாமே கிடையாது." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. என் பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று சொல்கிறவர்களின் பெருமை.

"கட்டமே நீங்க கட்டினா மாதிரி சொல்றீங்க?"

"நான்தான் கட்டினேன். கட்டினதுல ஒருத்தன். தணிகாசலம்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்ப என் ரெண்டு கரும்புள்ளியும் உங்க கைவரிசையா சார்? நல்லா இருங்க" என்றேன். கதையைக் கேட்டார். மாட்டுக்குச் சிரித்தார், ஆம்புலன்ஸுக்குச் சிரிக்கவில்லை.

"சட்டத்தை நான் எழுதல. பாக்கக் கத்துக் கொடுத்தேன், அவ்ளோதான்" என்றார்.

"மூணாவது விழுந்தா என்னா ஆவும் சார்? வீடு வரைக்குமாவது ஓட்டிக்கினு போக வுடுவாங்களா?"

"விட மாட்டாங்க. அந்த நிமிஷமே மோட்டார் கட் ஆயிடும். சும்மா ஒருத்தர் கட்டத்துல நின்னார்னா கேமராவே வண்டிய வெளிய தள்ளிடும், அது எங்க வேலை. மூணாவது புள்ளில மோட்டாரைக் கொல்றது லைசென்ஸ் ஆபீஸ்காரங்க எழுதினது. ரெண்டு ஆபீஸும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கல. அதனால கட்டத்துக்கு நடுவுல மூணாவது விழுந்துதுன்னா வண்டி அங்கயே செத்து நிக்கும், கிரேன் வந்துதான் தூக்கணும்."

"இன்னா சார் இது, அவ்ளோ பெரிய ஓட்டைய வெச்சுக்கினு..."

"இதுவரைக்கும் நடக்கலம்மா. ரெண்டு வாங்கினவங்க யாரும் பிரேக் பக்கமே கால் வெக்கறதில்ல."

அதுவும் உண்மைதான்.

சாலையெங்கும் பூசணிக்காய். பட்டறைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. குடைந்து குங்குமம் நிரப்பி, மேலே சூடம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி நடுச்சாலையில் போட்டு உடைத்திருந்தார்கள். தூறலில் குங்குமம் கரைந்து தார் சிவப்பாக ஓடியது.

"இதையெல்லாம் உங்க கேமரா இன்னான்னு நெனைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மடியிலிருந்த டேப்லெட்டைத் திறந்தார். "மொத வருஷம் பாவம், பயந்துடுச்சு. செவப்பா, தரையில, ஒரு உருண்டை. ஒவ்வொரு பூசணிக்காயையும் அடிபட்ட ஆளுன்னு நெனச்சு ஊர்ல இருக்கற அத்தனை சந்திப்பையும் மூடிடுச்சு. யாரும் பூஜை போட்டுட்டு வீடு போய்ச் சேரல. அப்புறம் நாங்க ஆபீஸ் வாசல்லயே ஒடச்சு ஒடச்சுப் படம் புடிச்சுக் காட்டினோம். ஆயுத பூஜை அன்னிக்குத் தரையில செவப்பாக் கெடக்கறது பூசணிக்காய், கணக்குல எடுக்காதே. ஒரே வரி. இன்னிக்குப் பாருங்க, ஒரு எடத்துல ஜாம் இல்ல."

"ஒடச்ச பூசணிக்காய்ல காசி அல்வா கிண்டியிருந்தா ஊருக்கே போட்டிருக்கலாம்" என்றேன். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. "சார், இன்னிக்கு நெஜமாவே ஒரு ஆளு அடிபட்டுக் கெடந்தா?"

"நின்னா, நடந்தா ஆளுன்னு எடுத்துக்கும்மா."

"கெடந்தா?"

அவர் பொரிப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் எடைமேடை வந்துவிட்டது.

கோட்டில் முதல் வண்டியாக நின்றோம். எங்கள் பக்கம் இரண்டு வரிசை. எனக்கு இடப்பக்க வரிசையில் முதலாவதாக ஒரு தண்ணீர் லாரி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. கேமரா ஒரு வரிசையை முழுக்க விட்ட பிறகுதான் அடுத்ததை விடும். அப்போது குறுக்குச் சாலைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். டிரைவர்கள் யாரும் முன்னால் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒருவர் செல்போன், ஒருவர் தூக்கம், ஓர் அம்மாள் கண்ணாடியில் பூவைச் சரிசெய்தாள்.

அவர்களுக்கு நடுவே ஒரு மொபெட் வந்தது. இரண்டு சக்கரத்துக்குக் கடிவாளம் கிடையாது. பூசணிச் சதைமேல் முன்சக்கரம் ஏறியதும் வழுக்கியது. மொபெட் தனியாகச் சறுக்கிக்கொண்டே போய்க் கட்டத்துக்கு வெளியே தடுப்புச் சுவரில் மோதி விழுந்தது. ஓட்டி வந்தவர் உருண்டு, உடைந்த பூசணிக்காய்க் குவியலுக்குள் போய்க் கிடந்தார், சரியாகத் தண்ணீர் லாரி போகிற பாதையில்.

குறுக்குச் சாலை நிற்கவில்லை. ஒரு வேன் அவர் தலைமாட்டை ஒட்டிப் போனது, அடுத்து ஒரு கார்.

"சார்! ஆளு!"

தணிகாசலம் டேப்லெட்டைப் பார்த்தார். அதில் சந்திப்பு முழுவதும் தெரிந்தது. வண்டிகளைச் சுற்றியெல்லாம் பச்சைச் சதுரம். விழுந்தவரைச் சுற்றி எதுவும் இல்லை. மேலே தமிழிலேயே அழகாக எழுதியிருந்தது: கட்டம் காலி.

அவர் போனை எடுத்துக் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஓர் இளம் குரல் வாய் நிறையப் பொரியோடு வந்தது.

"சார்! ஹேப்பி ஆயுத பூஜை சார்!"

"பிரகதீஷ், எடைமேடைய மூடு! ஒடனே! ஆள் கெடக்கறான்!"

"சார்... கீபோர்டெல்லாம் சாமி முன்னாடி வெச்சாச்சு சார். நாளைக்குக் காலைல எடுத்தாத்தான்..."

"எடுடா!"

"எடுத்தாலும் பெரியவர் கைரேகை வெக்கணும் சார். அவர் பூஜை முடிஞ்சு கெளம்பிட்டார். இருங்க, போன் போட்டுப் பாக்கறேன்..."

தணிகாசலம் கேட்டு முடிக்கவில்லை. டேப்லெட்டை என் பக்கம் வீசிவிட்டுப் பின்கதவைத் திறந்து ஓடினார். திரையில் அவரைச் சுற்றி உடனே பச்சைச் சதுரம் விழுந்தது. 'ஆள்' என்றது. குறுக்குச் சாலை கப்பென்று நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

அவர் குவியல் பக்கத்தில் மண்டியிட்டார். விழுந்தவரின் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சியது எனக்கே தெரிந்தது. தணிகாசலம் இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொண்டு அப்படியே கவிழ்ந்தார். வெள்ளைச் சட்டை குங்குமத் தண்ணீரில் நனைந்து சிவப்பானது. திரையைப் பார்த்தேன். பச்சைச் சதுரம் இரண்டு முறை துடித்துவிட்டுப் போய்விட்டது.

கட்டம் காலி.

அவர் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவில்லை. அவரும் பூசணிக்காய் ஆகிவிட்டார்.

நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். "சார், எழுந்து நில்லுங்க! உங்களையும் அதுக்குத் தெரியல!"

"கைய எடுத்தா இவர் செத்துடுவாரும்மா!"

என் பெல்ட்டையும் கதவையும் இழுத்தேன், இரண்டும் விடவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே லாரி டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, பண்டிகைக் குஷி என்று நினைத்தாரோ என்னவோ, பதிலுக்குக் கையை ஆட்டினார். அவருக்கும் அங்கே கிடப்பது பூசணிக்காய்தான். மாலை இருட்டில், தூறலில், எனக்குமே விழுந்ததைப் பார்த்ததால்தான் ஆள் என்று தெரிந்தது.

குறுக்குச் சாலையின் முறை முடிந்திருந்தது. அடுத்து எங்கள் பக்கம். முதலில் என் வரிசை, பிறகு லாரி வரிசை. என் வரிசை அவர்களுக்கு ஒரு கை தூரம் தள்ளித்தான் போகும். நான் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கீறல் இல்லாமல் தாண்டிவிடலாம். அதன் பிறகு தண்ணீர் லாரி.

தணிகாசலம் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிவப்பு.

"ஜெசிந்தாம்மா" என்றார். சீட்டுக்குப் பின்னால் எழுதியிருந்த என் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது. "வேற யார் நின்னாலும் அது தள்ளி விட்டுடும். உங்களத்தான் தள்ளாது. நான் இதக் கேக்கக் கூடாது."

கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவரைத் திட்டவாவது திட்டியிருப்பேன்.

டேஷ்போர்டில் பச்சை விழுந்தது. கார் தானாக நகர்ந்தது.

நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில் நான் என் மகளை நினைத்தேன், வீட்டு வாடகையை நினைத்தேன், முப்பத்தெட்டு வயசில் யார் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என்று நினைத்தேன். யாரோ எவரோ, பெயர்கூடத் தெரியாது. இத்தனையும் நினைத்தபோது கால் மட்டும் சீட்டுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்தது. ஆம்புலன்ஸுக்கு வந்த அதே கால்.

அவர்களுக்கு நேராக வந்ததும் மிதித்தேன்.

கார் நின்றது. உள்ளே ஒரு பெண் குரல், எப்போதும் போல மரியாதையாக: "கட்டத்துக்குள் நிற்பது குற்றம். இது உங்கள் மூன்றாவது கரும்புள்ளி. உங்கள் உரிமம் ரத்து செய்யப்பட்டது. நன்றி." மோட்டார் அடங்கியது, விளக்குகள் அணைந்தன. பெல்ட்டும் கதவின் பூட்டும் டக்கென்று விட்டன.

திரையில் 'கட்டம் காலி' போய்விட்டது. 'அடைப்பு' என்று வந்தது. தண்ணீர் லாரி அசையவில்லை. நாலு பக்கமும் எந்த வண்டியும் அசையவில்லை.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ஹாரன். பல வருஷமாகக் கேட்காத சத்தம். கண்ணாடிகள் இறங்கின. "ஊட்ல சொல்ட்டு வந்தியா?" என்றான் ஒருவன். "சாவுகிராக்கி, பொம்பளைக்குக் காரைக் குடுத்தா இப்டித்தான்" என்றான் இன்னொருவன். நான் இறங்கிக் கட்டத்தின் நடுவே நின்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினேன். "திட்றவன் எல்லாரும் கொஞ்சம் கண்ணத் தொறந்து கீழ பாருங்கடா!"

பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக மாறியதை நான் நின்று பார்த்தேன். பின்சீட்டில் இருந்தவர்கள் முதலில் இறங்கி ஓடிவந்தார்கள். தண்ணீர் லாரிக்காரர் தன் சக்கரத்துக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். ஆம்புலன்ஸுக்குக் கடிவாளம் கிடையாது, அது வளைந்து வந்து சேர்ந்தது. கிரேன் வந்து என் காரைத் தூக்கிக்கொண்டு போனது. நான் வீட்டுக்கு நடந்தேன்.

அடிபட்டவர் பெயர் கன்னியப்பன், வண்டிகளுக்குப் பூமாலை போடுகிறவர். பிழைத்துக்கொண்டார். நொண்டிக்கொண்டே வந்து எனக்கு ஒரு முழம் மல்லி கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன். வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஓர் அம்மாள், கண்ணியமானவர்தான். நான் பிரேக் மிதித்த நேரத்துக் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். கேமரா கணக்கில் எடுக்காததைச் சேமிப்பதும் இல்லையாம். காலியான கட்டம், அதன் நடுவே காரணமில்லாமல் நிற்கிற என் கார். பார்த்தால் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

தணிகாசலம் எழுந்து நின்றார். அந்தச் சிவப்புச் சட்டையைத் துவைக்காமல் கொண்டுவந்திருந்தார். "நான் அங்கதான் இருந்தேன் மேடம். இதுல நானும் இல்ல பாருங்க" என்றார். அதிகாரி பதிவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

கடைசியில் அந்த அம்மாள், "தப்பு எங்களோடதுதான்மா. மூணு புள்ளியையும் அழிச்சிடறோம். புதுசா லைசென்ஸ் எடுத்த மாதிரி ஆயிடும்" என்றார்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். வேறு ஒன்று வந்தது.

"மூணாவத மட்டும் அழிங்க மேடம். மத்த ரெண்டும் இருக்கட்டும்."

"ஏம்மா? ஆம்புலன்ஸுக்கு நின்னதுதானே அது. நியாயமாப் பாத்தா..."

"நியாயம்தான். ஆனா அது ரெண்டும் இருந்தாத்தான் மேடம் என் வண்டி நிக்கும்."

அவருக்குப் புரியவில்லை. தணிகாசலத்துக்குப் புரிந்தது. வெளியே படியில் என்னைப் பிடித்தார்.

"பூசணிக்காய் வரிய எடுத்துட்டேன். ஆனா போகித் தீ, சாவு ஊர்வலத்துப் பூ, தேர் நாள் கூட்டம்... ஜாம் ஆகக் கூடாதுன்னு எதை எதையெல்லாம் பாக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கோம், முழுசா எங்க யாருக்கும் ஞாபகம் இல்ல." கொஞ்சம் தயங்கினார். "மோட்டார் நடுவுல சாகற ஓட்டை இருக்கே, அதை நான் இன்னும் ஆபீஸ்ல சொல்லல."

"சொல்லாதீங்க" என்றேன்.

போன வாரம் எடைமேடை முனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில், சாலையில் கூட்டமே இல்லை. ஒரு சாம்பல் நிறக் கார் கட்டத்துக்குள் வந்து, நடுவில், எந்தக் காரணமும் இல்லாமல் நின்றது. கேமரா அதைத் தள்ளி வெளியே விட்டது. கார் நேராகப் போய்த் திரும்பி மறுபடி வந்தது, மறுபடி நின்றது. மறுபடி தள்ளி விட்டது. இதுவரை ஒரு புள்ளிகூட வாங்காத மனிதர் அவர்.

டீக்கடையைத் தாண்டும்போது தணிகாசலம் கண்ணாடியை இறக்கி என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார். அவருக்குப் பின்னால் அன்று அழுதவரின் தண்ணீர் லாரி கோட்டில் காத்திருந்தது. பச்சை விழுந்தது. அது மெதுவாக நகர்ந்து கட்டத்தின் நடுவே வந்து நின்றது.